பதினேழாவது போர்ட்டில் பாதிப் பொட்டு

4

முனிலட்சுமியின் செருப்பு, பர்சனல் ஆபீசர் கருப்பசாமியின் மேஜை மேல் இருந்தது.

அடியில் செய்தித்தாள் விரித்து, பொருட்காட்சியில் வைத்த மாதிரி ஜோடியாக வைத்திருந்தார்.

"ஓடிரக் கூடாதுல்ல?" என்றார். "செருப்பு இல்லாம இந்த சிப்காட் ரோட்டுல எம்புட்டு தூரம் ஓடிருவா?"

துப்பறியும் பிரதாப் செருப்பின் பக்கம் கண்ணைக் காட்டினான். அவனுடைய உதவியாளர் சுமலதா குனிந்து செருப்பை ஆராய்ந்தாள்.

"வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கு சார். இதப் போட்டிருந்தாத்தான் ஓட முடியாது. கழட்டி வாங்கி நீங்க ஒத்தாசை பண்ணியிருக்கீங்க."

கருப்பசாமி முறைத்தார். முறைத்த கையோடு மவுஸைத் தட்டினார். அவருடைய கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் ஒரு நான்கு ரன் முன்னேறியது.

பைரவா ப்ரெசிஷன். வண்டிக் கம்பெனிகளுக்கு கியர்பாக்ஸ் கூடு வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரமாகியும் கேட்டில் கட்டிய வாழைமரத்தை யாரும் எடுக்கவில்லை. ரோட்டுக்கு இன்னும் வராத ஒரு மோட்டார் சைக்கிளின் டிராயிங்குகள் இங்கிருந்து கர்நாடக எல்லை தாண்டி, ஜிகணியில் இருக்கும் ஒரு போட்டிக் கம்பெனிக்குப் போயிருந்தன. மூன்று மெயில்கள். மூன்றும் டிசைன் செக்ஷனில் வேலை பார்க்கும் முனிலட்சுமியின் ஐடியிலிருந்து.

காலையில் அவளை ஷெட்டின் நடுவே நிற்க வைத்து, எல்லோரும் பார்க்கப் பையைக் கொட்டியிருந்தார்கள். டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், ஒரு சீப்பு. அத்தனை பேர் முன்னால் உருண்ட சீப்பைக் குனிந்து எடுக்க அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

"எம்.டி. கூப்பிடறார்" என்றார் கருப்பசாமி.

எம்.டி. சென்னகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் கோடாகக் குங்குமம் வைத்து, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பவர் போல எழுந்து நின்றார்.

"வாங்க பிரதாப், உக்காருங்க. காபி சொல்லட்டுமா? ஏம்மா, நீயும் உக்காரு." குரலில் வெல்லம். "வண்டிக் கம்பெனிக்காரங்க, வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு ரிப்போர்ட் குடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. இல்லேன்னா உங்களுக்கு இந்தத் தொந்தரவே இல்ல. அவங்க ஆபீசர் ஷிஃப்ட் மாறுற நேரத்துக்கு வர்றார். வந்ததும் பொண்ண போலீஸ்ல ஒப்படைச்சிடலாம். நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டாப் போதும்."

"அவ பண்ணலேன்னா?"

சென்னகிருஷ்ணன் சிரித்தார். "ஐடி அவளோடது. பாஸ்வேர்டு அவளோடது. மெயில்ல கையெழுத்துன்னா அதுதானே?"

கதவைத் தட்டிக்கொண்டு அவருடைய பி.ஏ. பெண் வந்தாள். அன்றைய மெயில்களைக் காகிதத்தில் அச்செடுத்து ஒரு கட்டாக வைத்துவிட்டுப் போனாள். அவர் பேனாவைத் திறந்து ஓரத்தில் பதில் எழுத ஆரம்பித்தார்.

"மெயிலையும் பேப்பர்லதான் படிப்பீங்களா சார்?" என்றாள் சுமலதா.

"கையில காகிதம் இருந்தாத்தாம்மா எனக்குப் படிச்ச மாதிரி இருக்கும். பழைய ஆளு."

வெளியே வந்ததும் சுமலதா பிரதாப்பின் காதருகே முனகினாள். அவளுக்கு அவன் எப்போதும் அண்ணாதான். "பழைய ஆளு மேஜையில புத்தம்புது தட்டை மானிட்டர் வச்சிருக்காரே, அது எதுக்குண்ணா? தூசி தட்டறதுக்கா?"

"சுமா, வாய மூடிட்டு நட."

"மூடிக்கிட்டு நடந்தா மூச்சு வாங்குது."

கான்ஃபரன்ஸ் ரூமில் ஏசி வேண்டுமென்றே உச்சத்தில் இருந்தது. முனிலட்சுமி வெறும் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தொரப்பள்ளிக்குப் பக்கத்து ஊர். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக். அம்மா பாப்பம்மா இதே கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள்.

"நா அனுப்பலீங் சார்." காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம்.

"பாஸ்வேர்டு யாருக்காவது சொன்னியா?"

"யாருக்கும் சொல்லலீங். எழுதியும் வெக்கல."

வாசலில் நின்ற கருப்பசாமி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பாத்திரம் கழுவுறவ மகளக் கொண்டாந்து ஏசி ரூம்ல உக்கார வச்சா இப்படித்தான்."

"அதான் தண்டனையாவும் ஏசி ரூம்லயே உக்கார வச்சிருக்கீங்களா சார்?" என்றாள் சுமலதா.

முனிலட்சுமி சிரிக்கவில்லை. "ஜீப்புல ஏத்துவாங்களாங் சார்?" என்று பிரதாப்பைக் கேட்டாள். "எங்க தெருவுலருந்து மொதமொத ஆபீஸ் வேலைக்கு வந்தது நாந்தான். எனக்குப் பின்னால நாலு பேரு எழுதிப் போட்டிருக்காங்க. நா ஜீப்புல போனேன்னா, இந்த சிப்காட்டுல எங்க தெருப் பேரச் சொன்னாலே கேட்டத் தொறக்க மாட்டாங்க."

"உங்க அம்மாவ வரச் சொல்லட்டுமா?"

"வேணாங் சார்." பதில் மிக வேகமாக வந்தது. "எங்கம்மாவக் கூப்பிடாதீங்க."

பிரதாப் எழுந்தான். "இந்தப் பொண்ணு பேசறது பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரியல சுமா. மிஷின்கிட்ட கேட்டுடலாம்."

யு.பி.எஸ். அறையின் ஓரத்தில், பீரோ அளவுக்கு ஒரு தடுப்பு. அதற்குள் இரும்புச் சட்டத்தில் நெட்வொர்க் சுவிட்ச் மினுக்கிக் கொண்டிருந்தது. தொழிற்சாலையில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் அதன் இருபத்துநாலு போர்ட்களில் வந்து சொருகியிருந்தன. ஆயுத பூஜை இதையும் விடவில்லை. காய்ந்த சாமந்திச் சரம். ஒவ்வொரு போர்ட்டிலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

"யாரு இவ்வளவு பொறுமையா வச்சது?" என்றாள் சுமலதா.

"முனிலட்சுமிதாங்க" என்றான் ராஜேஷ்குமார். சிஸ்டம்ஸ் பையன். சேலத்துக்காரன். கழுத்தில் பென் டிரைவ் தாலிபோலத் தொங்கியது. "எல்லாரும் மானிட்டருக்கு ஒண்ணு, சி.பி.யூ.வுக்கு ஒண்ணு வச்சிட்டுப் போயிட்டாங்க. அவதான் போர்ட்டு போர்ட்டா வச்சா."

பிரதாப் தன் லேப்டாப்பைத் திறந்தான். "ராஜேஷ், முனிலட்சுமி எந்த போர்ட்?"

"ஒன்பது சார்."

"அதுக்கு போர்ட் மானிட்டரிங் போடணும். ஒன்பதுல போற வர்ற எல்லாத்தோட நகலும் என் லேப்டாப்புக்கு வரணும்."

ராஜேஷ்குமார் கழுத்துப் பென் டிரைவை விரலால் உருட்டினான். "அது... பழைய சுவிட்ச் சார். கைய வச்சா தொங்கிடும்."

"தொங்கினா தூக்கி விடுவோம்" என்றாள் சுமலதா. "அண்ணா, எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. அப்பறம் இவர் புரியாத மாதிரி நடிக்கறப்ப நான் திருத்தலாம்."

பிரதாப் நீல ஒயரை சுவிட்சின் முதுகில் சொருகிக்கொண்டே சொன்னான். "சுவிட்ச் ஒரு யோக்கியமான போஸ்ட்மேன். ஒன்பதாம் வீட்டுக் கடுதாசிய ஒன்பதாம் வீட்லதான் போடுவான். பக்கத்து வீட்டுக்குக் காட்ட மாட்டான். மானிட்டரிங்னா அந்தப் போஸ்ட்மேனக் கெடுக்கறது. ஒன்பதுக்கு வர்றது, ஒன்பதுலேர்ந்து போறது எல்லாத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து இன்னொரு வீட்லயும் போடுறான்னு சொல்றது."

"ஜெராக்ஸ் வாங்கற வீட்டுக்காரனுக்கு லாபம்தான்."

"நஷ்டமும் உண்டு. இந்த மாடல்ல ஜெராக்ஸ் வாங்கற வீட்டுக்கு ஜெராக்ஸ் மட்டும்தான் வரும். அவனோட சொந்தத் தபால் நின்னு போயிடும். நெட் வராது, மெயில் வராது. இன்னொண்ணு, ஒரே நேரத்துல ஒரு வீட்டுக்குத்தான் ஜெராக்ஸ்."

அவன் கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினான்.

சுவிட்ச் மறுத்தது.

மானிட்டரிங் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்றது. பிரதாப் மறுபடி கேட்டான். விவரம் திரையில் வந்து விழுந்தது.

பார்க்கப்படுவது: ஒன்பது. நகல் போகுமிடம்: பதினேழு.

பிரதாப் லேப்டாப்பை சுமலதா பக்கம் திருப்பினான்.

"நாம வைக்க வந்த எடத்துல முன்னாடியே ஒருத்தன் வச்சிட்டுப் போயிருக்கான்" என்றான் பிரதாப். "அந்தப் பொண்ணு மெயிலத் திறக்கறப்ப எல்லாம் பாஸ்வேர்டு துணியில்லாம இந்த ஒயர்ல ஓடும். பதினேழுல உக்காந்திருக்கறவனுக்கு அதைப் பொறுக்கி எடுக்கறது பெரிய வேலை இல்ல. எடுத்தவன் எந்த மூலைலேர்ந்து வேணா அவ பேர்ல மெயில் அனுப்பலாம். வெளியில இருந்து பாத்தா மொத்த ஃபேக்டரிக்கும் ஒரே முகவரிதான். ராஜேஷ், பதினேழு யாரு?"

ராஜேஷ்குமார் ஒயரில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். பர்சனல்.

"கருப்பசாமி!" சுமலதாவுக்குக் கை பரபரத்தது. "செருப்பத் திருப்பிக் குடுக்கற வேலைய நான் பாத்துக்கறேன். எந்தக் கன்னத்துலன்னு மட்டும் சொல்லுங்க."

"அவசரப்படாத. நாம உள்ள நுழையறப்ப அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"நம்மள முறைச்சார். அப்பறம் ஸ்கோர்..." அவள் நிறுத்தினாள். "ஸ்கோர் மாறுச்சு."

"சொந்தத் தபால் நின்னு போன வீட்ல ஸ்கோர் எப்படி மாறும்?"

சுமலதா கன்னடத்தில் ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டாள்.

"நெட் ஒரு நிமிஷம் நின்னா இந்த கம்பெனியில யார் சும்மா இருப்பா, ராஜேஷ்?"

"யாரும் இருக்க மாட்டாங்க சார். பிச்சுப் பிடுங்கிடுவாங்க."

"அப்ப ஒரு ஆளு நெட்டே இல்லாம இருந்துக்கிட்டு, உங்கிட்ட ஒரு வார்த்தை புகார் சொல்லாம இருக்கான். அந்த நல்லவன் யாரு?"



பிரதாப் செல்போன் வெளிச்சத்தை சுவிட்சின் மேல் அடித்து, முகத்தை அருகே கொண்டு போனான். பொட்டுகள். முனிலட்சுமி அவற்றை ஒயர் முனைச் சொருகியின் மேல் பாதியும் போர்ட்டின் விளிம்பில் பாதியுமாக வைத்திருந்தாள். எட்டில் முழு வட்டம். ஒன்பதில் முழு வட்டம். பத்து, பதினொன்று, முழு வட்டம்.

பதினேழில் வட்டம் சேரவில்லை. விளிம்பில் இருந்த பாதி சின்னது. சொருகியில் இருந்த பாதி பெரியது, கொஞ்சம் இடப்பக்கம் வழிந்தது.

"சீட்டைக் கிழிச்சு மாத்தி ஒட்டலாம்" என்றான் பிரதாப். "பொட்டை மாத்தி ஒட்ட முடியாது. பூஜைக்கு அப்பறம் யாரோ ரெண்டு ஒயரைப் பிடுங்கி இடம் மாத்தியிருக்கான். யாராவது வந்து பதினேழ பாத்தாலும் பழி பர்சனல் மேல போகட்டும்னு. சுமா, இதே மாதிரி சேராத பொட்டு இன்னொண்ணு இருக்கணும். தேடு."

சுமலதா விரலால் வருடிக்கொண்டே போய் பன்னிரண்டில் நின்றாள். அங்கே விளிம்பில் பெரிய பாதி. சொருகியில் சின்ன பாதி. பதினேழின் ஜோடி.

அதிலிருந்த சீட்டைத் திருப்பிப் படித்தாள். ஒரு விரலால் அதை நிமிர்த்தி பிரதாப்புக்குக் காட்டினாள்.

"சார்..." என்றான் ராஜேஷ்குமார். அழுதுவிடுவான் போலிருந்தது. "நான் வேலைக்காரன் சார். போடுன்னாங்க, போட்டேன். எதுக்குன்னு கேக்கல."

"பேரச் சொல்லாத" என்றான் பிரதாப். "நீ சொன்னா அது வேலையாள் வாக்குமூலம். அவர் வாயாலயே வரணும். சுமா, இவன் செல்லை வாங்கி வச்சிக்க. நான் கூப்பிடற வரைக்கும் இந்த அறையை விட்டு இவன் நகரக் கூடாது."

"கவலைப்படாதீங்கண்ணா. இவர உக்கார வச்சு ஒயர் எண்ணச் சொல்றேன்."

முனிலட்சுமியை அவளுடைய சீட்டுக்கே அழைத்துப் போனான் பிரதாப். எப்படி மெயில் அனுப்புவாள் என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும் என்று கருப்பசாமியிடம் காரணம் சொன்னான். டிசைன் செக்ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நேற்று வரை இவளோடு டிபனைப் பங்கு போட்டவர்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப நீ ஒரு மெயில் அனுப்பப் போற" என்றான் பிரதாப், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வீரலட்சுமின்னு ஒரு முகவரி. சுமலதா இப்பதான் உண்டாக்குனது. உன் அக்கான்னு வச்சிக்க. நான் சொல்றத மட்டும் அடி."

அவன் குனிந்து சொன்னான். இரண்டே வரி.

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன. "அப்படியா எழுதணுங் சார்?"

"நாடகம்தான். உன் மெயில யார் ஒளிஞ்சு படிக்கறாங்களோ அவங்களுக்கான நாடகம். படிச்சவன் முகம் எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நாடகந்தானேங் சார்?"

"நாடகம்தான்."

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க ஆரம்பித்தாள். கருப்பசாமி வருகிறாரா என்று பிரதாப் கதவுப் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தான். அவன் திரும்பியபோது அவள் அனுப்பி முடித்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுபடி கான்ஃபரன்ஸ் ரூம். மறுபடி பூட்டு. கருப்பசாமி சாவியை விரலில் சுழற்றினார். கேட்டில் ஒரு கார் ஹாரன் அடித்தது. வண்டிக் கம்பெனியின் ஆபீசர் வந்துவிட்டார். சுண்ணாம்பு போல வெளுத்த தலை, கையில் ஒரு பெட்டி, யாரோடும் கை குலுக்காத மனிதர்.

காரிடாரின் கடைசிக் கதவு திறந்தது. எம்.டி. சென்னகிருஷ்ணன் வந்தார். காலையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், நிதானமாக நடந்து வந்து கருப்பசாமியின் தோளில் கை வைத்தார்.

"பாவம்யா அந்தப் பொண்ணு" என்றார். வெல்லக் குரல் உருகி ஓடியது. "காலைலேர்ந்து ஒரே எடத்துல அடைஞ்சு கெடக்கு. கதவத் தொற. கொஞ்சம் காத்தாட நடக்கட்டும். போலீஸ் வர்ற வரைக்கும் தனியா விடுங்க. யாரும் பின்னாலயே போயி அவ மனச நோகடிக்காதீங்க."

கருப்பசாமிக்கே ஆச்சரியம். "சரிங்க சார். அப்ப செருப்பையும் குடுத்துர்றேன்."

"செருப்பு எதுக்கு இனிமே?" என்றார் சென்னகிருஷ்ணன்.

பிரதாப் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்தான். சிரிப்பை மறைப்பதற்காக.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

"சார்" என்றான் பிரதாப், ஆபீசரிடம். "ரிப்போர்ட் ரெடி. எம்.டி. ரூம்லயே படிச்சுடலாம். கருப்பசாமி சார், நீங்களும் வாங்க."

எம்.டி.யின் அறையில் பிரதாப் உட்காரவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் அவன் உட்கார மாட்டான். மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தான். அவனுக்குப் பிடித்த நடை.

"ஒரு கம்பெனியில நெட் வரலேன்னா முதல்ல கத்தறது யாரு? முதலாளி. ஆனா இந்த முதலாளி ரெண்டு வாரமா மெயிலைப் பேப்பர்ல வாங்கிப் படிக்கறார். பழைய ஆளு, காகிதம் பிடிக்கும்னார். நானும் நம்பினேன். அப்பறம் சுவிட்ச்ல ஒரு பொட்டு, அவரோட ஒயர் பன்னிரண்டுலேர்ந்து பதினேழுக்கு மாறியிருக்கு, அவர் கம்ப்யூட்டருக்கு நெட்டே வரலேன்னு சொல்லுச்சு. வர்றது ஒண்ணே ஒண்ணு. ஒன்பதாம் போர்ட்டோட நகல். முனிலட்சுமியோட ஒவ்வொரு எழுத்தும்."

சொல்லிக்கொண்டே தட்டை மானிட்டரை ஆபீசர் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு மெயில் திறந்து கிடந்தது. பெறுநர், வீரலட்சுமி.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் வரியைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"பதற வேண்டாம் சார். நான் சொல்லி எழுதினது" என்றான் பிரதாப். "இனி அவமானம் தாங்க முடியாதுன்னும், கதவு திறந்தா கேண்டீன் பின்னாடி இருக்கிற தண்ணி சம்ப்புக்குத்தான் போவேன்னும் எழுதச் சொன்னேன். இதை இந்தக் கம்பெனியில ஒரே ஒருத்தர்தான் படிச்சிருக்க முடியும்."

சென்னகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார். வெல்லம் தீர்ந்துவிட்டிருந்தது. "என் கம்பெனி. என் ஒயர். எது வேணா பாப்பேன். அது குத்தமா?"

"பாத்தது குத்தம் இல்ல சார். படிச்ச எந்த மனுஷனும் என்ன பண்ணியிருப்பான்? சம்ப்பைப் பூட்டுன்னு ஓடியிருப்பான். அந்தப் பொண்ணை இறுக்கிப் பிடிச்சு வைன்னு கத்தியிருப்பான். நீங்க கதவத் தொறந்து விடச் சொன்னீங்க. யாரும் பின்னால போகாதீங்கன்னீங்க. செருப்பு எதுக்கு இனிமேன்னீங்க." பிரதாப் நிறுத்தினான். அந்த இடத்தில் ஒரு இடைவெளி வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். "நாள் பூரா நீங்க காட்டுன ஒரே கருணை அது. அதுதான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு."



"ஜிகணி கம்பெனியில உங்க மச்சினர் பங்குதாரர். ராஜேஷ்குமார் அதையும் சுமலதாகிட்ட சொல்லிட்டான். டிராயிங்க வித்தது நீங்க. பழி சுமக்க ஒரு தலை வேணும். ஏன்னு கேக்க ஆள் இல்லாத தலையாப் பாத்து எடுத்தீங்க. உயிரோட இருந்தா அவ கோர்ட்ல நின்னு நான் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. செத்துட்டா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. இல்லையா சார்?"

"கேண்டீன்காரி மக" என்றார் சென்னகிருஷ்ணன், யாரையும் பார்க்காமல். "அவளுக்காக இவ்வளவு பேசறியா?"

ஆபீசர் பெட்டியைத் திறந்து போனை எடுத்தார்.

பிரதாப் ஜன்னலுக்குப் போய் மலைப் பக்கம் பார்த்தான். ஒரு வழக்கு முடிகிற இடத்தில் அவனுக்கு வரும் அந்தச் சின்னக் கிறுகிறுப்பு வந்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. அதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது.

சுமலதா. கையில் அச்செடுத்த காகிதம்.

"சாட்சிக்கு வேணுமேன்னு கருப்பசாமி சார் சிஸ்டத்துல அந்த மெயிலைத் திறந்தேன்." அவள் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாத அந்தக் குரலை பிரதாப் இதுவரை கேட்டதில்லை. "நீங்க சொன்னது எத்தனை வரிண்ணா?"

"ரெண்டு."

"இதுல நாலு இருக்கு."

காகிதத்தைப் பிடுங்கினான். முதல் இரண்டு வரிகள் அவனுடையவை. அடுத்த இரண்டு:

*காலைல பையக் கொட்டினப்ப எங்கம்மா கேண்டீன் ஜன்னல்லருந்து பாத்துச்சு. பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு.*

"அவ எங்க?" என்றான் பிரதாப்.

"ரூம் காலி."

அவன் ஓடினான். காரிடார், ஷெட், ஷிஃப்ட் மாறும் கூட்டம். பஞ்ச் அடிக்க வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். கேண்டீன் சமையல்கட்டைத் தாண்டி, பின்வாசல்.

குழாயடியில் பாப்பம்மா சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. தேய்க்கிற சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் கேட்காது. கேட்க விரும்பவும் இல்லையோ என்னவோ.

அவளுக்குப் பத்தடி பின்னால் சம்ப்பின் இரும்பு மூடி விலகிக் கிடந்தது. விளிம்பில் முனிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். வெறும் கால்கள் உள்ளே தொங்கின.

"முனிலட்சுமி!" பிரதாப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது. "முடிஞ்சுது. ஆள் மாட்டியாச்சு. எம்.டி.தான். ஜீப்ல நீ போகப் போறதில்ல, அவர்தான் போகப் போறார். உன் மேல ஒரு தூசி கூட இல்ல. எழுந்திரு."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"நாடகந்தானேங் சார்" என்றாள். "கதவத் தொறந்து உட்டாங்க. யாராச்சும் பின்னாடியே ஓடி வருவாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒருத்தரும் வரல. வந்து உக்காந்தும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"நான் வந்துட்டேனே."

சுமலதா வந்து சேர்ந்தாள். ஊக்கு குத்திய செருப்புகளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குழாயடியில் அண்டா தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

முனிலட்சுமி முதல் தடவையாக பிரதாப்பின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்தீங்க சார்" என்றாள். "பேசி முடிச்சிட்டு வந்தீங்க."